ஊருணியிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை: செட்டிநாட்டு மாணவர்களுக்கு ஒரு முழுமையான குடிமையியல் வழிகாட்டி

சமூக அறிவியல் புத்தகத்தில் வரலாறும் புவியியலும் முடிந்த பிறகு, கடைசியில் மெலிதாக ஒரு பகுதி வரும். அதுதான் குடிமையியல். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி மனப்பாடம் செய்து, எழுதி முடித்ததும் மறந்துவிடுகிற பகுதி அது. அதில் பிள்ளைகளின் குற்றம் எதுவும் இல்லை. குடியரசுத் தலைவர், நாடாளுமன்றம், அரசமைப்பின் 395 உறுப்புகள் என்று டெல்லியில் தொடங்கினால், காரைக்குடியிலோ கல்லலிலோ உட்கார்ந்து படிக்கிற 12 வயதுப் பிள்ளைக்கு அதெல்லாம் யாருடைய சங்கதியோ போலத்தான் இருக்கும்.

இந்த வழிகாட்டி தெருவிலிருந்து தொடங்குகிறது. 6, 7, 8-ஆம் வகுப்பு மாணவர்கள் தாங்களாகவே செய்து பார்க்கலாம். ஆசிரியரோ பெற்றோரோ கூட இருந்தால் இன்னும் நல்லது. ஒரு 80 பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதன் முதல் பக்கத்தில் மூன்று கேள்விகளை எழுதுங்கள்: இதற்கு யார் பொறுப்பு? அந்தப் பொறுப்பை அவருக்குக் கொடுத்தது எது? அவர் செய்யாவிட்டால் எங்கே போய்க் கேட்பது? எந்தப் பாடத்தைத் தொட்டாலும் இந்த மூன்றையும் கேளுங்கள். குடிமையியல் என்பது பெரும்பாலும் இவ்வளவுதான்.

படி 1: உங்கள் வீடு எந்த ஆட்சியின் கீழ் இருக்கிறது?

செட்டிநாடு என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் அந்தப் பெயரில் ஒரு மாவட்டமோ தாலுகாவோ கிடையாது. நம் ஊர்களில் பெரும்பகுதி சிவகங்கை மாவட்டத்திலும், இராயவரம், அரிமளம், பொன்னமராவதி பக்கத்து ஊர்கள் புதுக்கோட்டை மாவட்டத்திலும் இருக்கின்றன. பண்பாட்டு எல்லை வேறு, ஆட்சி எல்லை வேறு. இதைப் புரிந்துகொள்வதுதான் முதல் பாடம்.

நோட்டில் உங்கள் முகவரியை இரண்டு வழியாக எழுதுங்கள். முதலாவது வருவாய்த் துறை வழி: வருவாய்க் கிராமம், வட்டம், மாவட்டம். இந்த வழியில் உங்கள் ஊரில் இருப்பவர் கிராம நிர்வாக அலுவலர், அதாவது வி.ஏ.ஓ. அவருக்கு மேலே தாசில்தார், கோட்டாட்சியர், கலெக்டர். இவர்கள் எல்லோரும் நியமிக்கப்பட்டவர்கள். பட்டா, சாதிச் சான்று, வருமானச் சான்று என்றால் இந்த வழி.

இரண்டாவது உள்ளாட்சி வழி. இங்கே இருப்பவர்கள் நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறவர்கள். ஆத்தங்குடி போன்ற கிராமம் என்றால் ஊராட்சி. கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் என்றால் பேரூராட்சி. தேவகோட்டை நகராட்சி. காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆனது. கிராமத்தில் ஊராட்சிக்கு மேலே ஊராட்சி ஒன்றியமும் (சாக்கோட்டை, கல்லல், தேவகோட்டை, திருப்பத்தூர் என்று ஏதாவது ஒன்று) அதற்கு மேலே மாவட்ட ஊராட்சியும் உண்டு. தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், குப்பை, சாக்கடை என்றால் இந்த வழி.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பெரியவர்களே கூட மனுவைத் தூக்கிக்கொண்டு வேறு அலுவலகத்துக்குப் போய் அலைகிறார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று எம்.பி.யிடம் கேட்பதும் அப்படித்தான்.

அப்புறம் எம்.எல்.ஏ., எம்.பி. தொகுதிகளையும் எழுதுங்கள். சட்டமன்றத்துக்குக் காரைக்குடி, திருப்பத்தூர், சிவகங்கை, மானாமதுரை என்று சிவகங்கை மாவட்டத்தில் நான்கு தொகுதிகள். ஆனால் சிவகங்கை மக்களவைத் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. இந்த நான்கோடு, புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயமும் ஆலங்குடியும் சேர்ந்தவை. தொகுதி எல்லை மாவட்ட எல்லையைத் தாண்டிப் போகலாம் என்பதற்கு வீட்டுப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. வரைபடத்தில் பென்சிலால் வரைந்து பாருங்கள், மறக்காது.

படி 2: முகவுரையை உரக்கப் படியுங்கள்

பாடப்புத்தகத்தின் தொடக்கத்தில் அரசமைப்பின் முகவுரை அச்சிடப்பட்டிருக்கும். யாரும் படிப்பதில்லை. ஒரு தடவை எழுந்து நின்று உரக்கப் படியுங்கள். இந்திய மக்களாகிய நாம் இதை நமக்கு நாமே வழங்கிக்கொள்கிறோம் என்று அது சொல்கிறது. எந்த அரசரும் கொடுத்ததாகச் சொல்லவில்லை. இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரிய வேண்டுமானால், உங்கள் அப்பத்தாவின் அப்பா காலத்துக்குப் போக வேண்டும். அன்றைக்குத் திருமயத்துக்காரர் புதுக்கோட்டைத் தொண்டைமான் சமஸ்தானத்துக் குடி. காரைக்குடிக்காரர் வெள்ளைக்காரர் ஆண்ட இராமநாதபுரம் மாவட்டத்துக் குடி, அதிலும் ஜமீன் நிலத்தில் இருந்தவர். சொத்து, வரி, படிப்பு என்று ஏதாவது தகுதி இருந்த கொஞ்சம் பேருக்குத்தான் மாகாணத் தேர்தலில் ஓட்டு. புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச் 3 அன்று இந்தியாவோடு இணைந்தது. 1951-52 பொதுத்தேர்தலில் இரண்டு ஊர்க்காரர்களும், ஆணும் பெண்ணும், படித்தவரும் படிக்காதவரும் ஒரே மதிப்புள்ள ஓட்டைப் போட்டார்கள்.

அரசமைப்பு என்றால் என்ன என்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்ல, நகரத்தார் கல்யாணத்தில் எழுதும் இசைகுடிமானத்தைக் காட்டலாம். இரு வீட்டாரும் சம்மதித்ததை எழுத்தில் வைத்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். பின்னால் யாரும் வாய்க்கு வந்தபடி மாற்றிப் பேச முடியாது. அரசமைப்பும் எழுதி வைத்த சம்மதம்தான். ஆட்சி செய்கிறவர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று அவரையே கட்டுகிற எழுத்து.

தேதிகளை இந்த வரிசையில் நினைவில் வையுங்கள். 1946 டிசம்பர் 9 அன்று அரசமைப்பு நிர்ணய சபை முதன்முதலில் கூடியது. 1947 ஆகஸ்ட் 29 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு அமைந்தது. அந்தக் குழுவில் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், கோபாலசாமி ஐயங்கார், பிறகு சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி என்று நம் மாகாணத்துக்காரர்களும் இருந்தார்கள். 1949 நவம்பர் 26-ல் சபை ஏற்றுக்கொண்டது. 1950 ஜனவரி 26-ல் நடைமுறைக்கு வந்தது. முகவுரையில் உள்ள சமதர்மம், மதச்சார்பின்மை, ஒருமைப்பாடு மூன்றும் 1976-ல் 42-ஆவது திருத்தத்தில் சேர்ந்தவை. இந்தக் கேள்வி பரீட்சையில் அடிக்கடி வரும்.

சரி, எழுதி வைத்தால் மட்டும் போதுமா? இதற்குப் பதில் செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கிடைக்கும். உங்கள் ஐயாவிடம் (தாத்தாவிடம்) பர்மாவைப் பற்றி, அதாவது இன்றைய மியான்மரைப் பற்றிக் கேளுங்கள். 1930-களில் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. கடன் கொடுத்து, உலகப் பொருளாதார மந்தத்தில் விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியாமல் போய் வந்த நிலம் அது. அந்த விவசாயிகளின் வேதனையும் நியாயமானது. 1948-ல் பர்மா விடுதலை பெற்றதும் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. பர்மாவுக்கும் எழுதிய அரசமைப்பு ஒன்று இருந்தது. ஆனால் 1962-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அது செயலிழந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் வங்கிகளும் கடைகளும் அரசுடைமை ஆயின. இந்தியர்கள் லட்சக்கணக்கில் கப்பலேறினார்கள். தேர்தல், நீதிமன்றம், கேள்வி கேட்கிற பத்திரிகை எல்லாம் உயிரோடு இருந்தால்தான் அந்த எழுத்துக்கு உயிர் இருக்கும். நான் பாடம் சொல்லும்போது இந்த இடத்தை அவசரப்படாமல் சொல்வேன். பல பிள்ளைகளின் வீட்டில் பர்மாத் தேக்குத் தூணே நிற்கிறது.

படி 3: மூன்று துறைகளைச் சத்துணவுத் தட்டில் பாருங்கள்

சட்டமியற்றும் துறை, செயலாட்சித் துறை, நீதித்துறை. ஒன்று சட்டம் இயற்றும், ஒன்று நிறைவேற்றும், ஒன்று விளக்கம் சொல்லும். இப்படி மனப்பாடம் செய்வது எளிது, புரிந்துகொள்வது கடினம். ஆகவே பள்ளியில் மதியம் உட்கார்ந்து சாப்பிடும் தட்டைப் பாருங்கள். சோறு, சாம்பார், முட்டை.

இந்த முட்டைக்குப் பணம் எங்கிருந்து வந்தது? சென்னையில் 234 உறுப்பினர்கள் உள்ள சட்டமன்றம் வரவு செலவுத் திட்டத்தை விவாதித்து ஒப்புதல் தந்தால்தான் ஒரு ரூபாய் கூடக் கருவூலத்திலிருந்து வெளியே வரும். முதலமைச்சரே ஆனாலும் சட்டமன்றம் சம்மதிக்காமல் செலவழிக்க முடியாது.

முட்டையை வாங்கி, அவித்து, உங்கள் தட்டில் வைத்தது யார்? அது செயலாட்சி. அமைச்சரில் தொடங்கி, துறைச் செயலர், கலெக்டர், சத்துணவு அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் வரை நீளும் வரிசை. செயலாட்சி என்றதும் கோட்டையை மட்டும் நினைக்காதீர்கள். கரண்டியோடு நிற்கிற அக்காவும் அதில் ஒருவர்.

சாப்பாடு போடுவதை அரசு ஒரு நாள் நிறுத்திவிட்டால்? இங்கேதான் நீதித்துறை வருகிறது. சென்னை மாநகராட்சிப் பள்ளியில் 1920-ல் நீதிக்கட்சிக் காலத்தில் தொடங்கி, காமராசர் விரிவாக்கி, 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக்கியதை நாம் அறிவோம். மற்ற பல மாநிலங்களில் அப்போது சமைத்த உணவு கிடையாது. 2001 நவம்பர் 28 அன்று, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமைத்த மதிய உணவு கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. 2013-ல் நாடாளுமன்றம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அதை உரிமையாகவே எழுதியது. கருணையாகக் கிடைத்தது, கேட்டு வாங்கும் உரிமை ஆனது. ஒரே தட்டில் மூன்று துறைகளும் வந்துவிட்டன அல்லவா?

நீதிமன்ற வரிசையையும் இங்கேயே எழுதிவிடுங்கள். காரைக்குடி, தேவகோட்டை நீதிமன்றங்கள், சிவகங்கை மாவட்ட நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை (2004 ஜூலை முதல்), டெல்லியில் உச்ச நீதிமன்றம். மதுரைக் கிளை வருவதற்கு முன்னால் நம் ஊர்க்காரர்கள் உயர் நீதிமன்றத்துக்குச் சென்னை வரை போக வேண்டியிருந்தது. நீதி கிடைப்பதில் தூரமும் ஒரு தடைதான்.

படி 4: கல்லூரிச் சாலையில் ஒரு நடை

மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல். எதில் எந்த அரசு சட்டம் இயற்றலாம் என்று பிரித்துச் சொல்லும் அரசமைப்பின் ஏழாவது அட்டவணை. இதைப் படிக்கக் காரைக்குடியை விட நல்ல ஊர் கிடையாது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் வந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். அது மத்திய அரசின் நிறுவனம். அதன் பக்கத்திலேயே 1985-ல் உருவான அழகப்பா பல்கலைக்கழகம் மாநில அரசின் சட்டத்தால் அமைந்தது. ஒரே வள்ளலின் கொடையில் வளர்ந்த இடம், ஆனால் இரண்டு வெவ்வேறு அரசுகள்.

அப்படியே நடந்து போய்க் கண்ணில் படுவதை எல்லாம் எழுதுங்கள். ரயில் நிலையம், தபால் நிலையம் மத்தியப் பட்டியல். காவல் நிலையம், அரசு மருத்துவமனை மாநிலப் பட்டியல். உங்கள் பள்ளி பொதுப் பட்டியல், ஏனென்றால் 1976 வரை மாநிலத்திடம் இருந்த கல்வி அந்த ஆண்டு பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. அதை மறுபடி மாநிலப் பட்டியலுக்கே கொண்டுவர வேண்டும் என்று தமிழ்நாட்டில் பல காலமாகக் கேட்கிறார்கள். செய்தித்தாளில் நீங்களே பார்க்கலாம். திருமயம் பக்கம் போனால் கோட்டை வாசலில் இந்தியத் தொல்லியல் துறையின் பலகை இருக்கும். தேசிய முக்கியத்துவம் உள்ள சின்னம் என்பதால் அது மத்திய அரசின் பாதுகாப்பில் இருக்கிறது.

திரும்பி வரும்போது கடையில் வரி போட்ட பில் ஒன்று வாங்குங்கள். மத்திய ஜி.எஸ்.டி., மாநில ஜி.எஸ்.டி. என்று இரண்டு வரி சமமாக இருக்கும். உங்கள் ஐந்து, பத்து ரூபாயில் இரண்டு அரசுக்கும் பங்கு போகிறது. நோட்டில் ஒட்டிவையுங்கள். வரி கட்டாத வயசு என்று யாராவது உங்களிடம் சொன்னால் காட்டலாம்.

படி 5: உரிமைகளை எண்ணாகப் படிக்காமல் இடமாகப் படியுங்கள்

உறுப்பு 14 சமத்துவம், 17 தீண்டாமை ஒழிப்பு, 19 பேச்சுரிமை முதலியன, 21 உயிர் வாழும் உரிமை, 21ஏ ஆறு முதல் 14 வயது வரை கல்வி உரிமை, 24 ஆபத்தான வேலைகளில் குழந்தைகளை அமர்த்தத் தடை, 25 சமய உரிமை, 32 உச்ச நீதிமன்றத்துக்கு நேரே போகும் உரிமை. எண்கள் பரீட்சைக்கு வேண்டும், சரி. ஆனால் ஒவ்வொன்றையும் ஓர் இடத்தோடு கட்டிவிட்டால்தான் மனதில் நிற்கும்.

உறுப்பு 15-ன் இரண்டாம் பகுதியைத் தேடிப் படியுங்கள். கிணறு, குளம், படித்துறை, சாலை என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். அரசுப் பணத்தில் பராமரிக்கிற இவற்றை, பொது மக்களுக்கு என்று விட்ட இவற்றை, சாதி, மதம், பால், பிறந்த இடம் காட்டி எவருக்கும் மறுக்கக் கூடாது. நாட்டின் தலையாய சட்டத்தில் குளத்துப் படித்துறை ஏன் இடம் பிடித்தது? அந்தப் படியில் கால் வைக்கக் கூடாது என்று மனிதரை மனிதர் தடுத்ததால்தான். செம்புராங்கல் படியிறங்குகிற நம் ஊருணிக் கரைகளிலும் அந்தக் கதை உண்டு. வீட்டுப் பெரியவர்கள் சொல்லத் தயங்கலாம். பொறுமையாகக் கேளுங்கள்.

தொலைவில் தேட வேண்டாம். தேவகோட்டைக்குப் பக்கத்தில் கண்டதேவிக் கோயில் தேரின் வடத்தை எல்லாச் சமூகத்தாரும் சமமாகப் பிடிக்க வேண்டும் என்ற கோரிக்கை உயர் நீதிமன்றம் வரை போனது. பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற தேர், நீதிமன்றத் தலையீட்டுக்குப் பிறகு 2024 ஜூனில் ஓடியது. உறுப்பு 14, 15, 17, 25 நான்கையும் ஒரே தேர் வடத்தில் படித்துவிடலாம். வகுப்பில் இதைப் பேசக் கூடாது என்று சில பெரியவர்கள் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பிள்ளைகள் எப்படியும் பார்க்கிறார்கள், சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு பார்க்கட்டும்.

உறுப்பு 32-ஐ அரசமைப்பின் இதயமும் ஆன்மாவும் என்று அம்பேத்கர் சொன்னார். காரணம் எளிது. உரிமையைப் பறித்தால் எங்கே போவது என்று சொல்லாத உரிமை, பேச்சோடு போய்விடும். நம் மூன்றாவது கேள்விக்கு அரசமைப்பே பதில் எழுதி வைத்திருக்கும் இடம் இது.

உங்களுக்கென்று இன்னொன்று. உங்களையோ, தெரிந்த பிள்ளையையோ யாராவது வேலைக்கு வைத்தால், அடித்தால், தவறாக நடந்தால், 18 வயதுக்கு முன் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால், குழந்தைகள் உதவி எண் 1098-க்கு இலவசமாகப் பேசலாம். நோட்டின் அட்டையிலேயே எழுதிவையுங்கள்.

படி 6: கடமைக்கு வீட்டையே பாருங்கள்

உறுப்பு 51ஏ-யில் 11 கடமைகள் உள்ளன. அதில் ஒன்று, நம் பண்பாட்டின் வளமான மரபைப் போற்றிக் காப்பது. செட்டிநாட்டில் இது விவாதத்துக்கு ஏற்ற தலைப்பு. பங்காளிகள் வெளிநாட்டில் இருக்க, ஓடு ஒழுகி, பராமரிக்க முடியாமல் பெரிய வீட்டை இடித்துத் தூணையும் நிலைக்கதவையும் விற்றுவிடுகிறார்கள். சொத்து இன்றைக்கு அடிப்படை உரிமை அல்ல. 1978-ல் 44-ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டு, உறுப்பு 300ஏ-யில் சட்ட உரிமையாக வைத்தது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் ஒருவர் சொத்தைப் பறிக்க முடியாது. அப்படியானால் வீட்டுக்காரர் தன் வீட்டை இடிக்கலாமா? மரபைக் காக்கும் செலவை அரசு பகிர வேண்டாமா? வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதம் செய்யுங்கள். பிறகு பக்கம் மாறி, எதிர்த்தரப்பின் வாதத்தை நீங்களே பேசிப் பாருங்கள். என் கருத்து, வீட்டுக்காரர் தலையில் மட்டும் பாரத்தைக் கட்டுவது நியாயம் இல்லை.

படி 7: கிராம சபைக்குப் போங்கள்

வழிகாட்டியில் மிக முக்கியமான படி இதுதான். மற்றதை எல்லாம் விட்டாலும் இதை விட வேண்டாம்.

1992-ல் நிறைவேறி 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தம் ஊராட்சிகளுக்கு அரசமைப்பில் இடம் கொடுத்தது. அதன்படி தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ல் வந்தது. ஊராட்சியின் வாக்காளர் அத்தனை பேரும் கிராம சபை உறுப்பினர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டம். உங்களுக்கு ஓட்டு இல்லை என்பதால் தீர்மானத்துக்குக் கை தூக்க முடியாது. ஆனால் அம்மா, அப்பாவோடு போய் உட்கார்ந்து பார்க்கலாம். அம்மாவை அவசியம் கூட்டிப் போங்கள். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் திருத்தப்பட்டும், சபையில் பெண்கள் பின்வரிசையிலேயே உட்காருவதைப் பார்க்கிறேன்.

போவதற்கு முன் ஒரு பிரச்சினையை எடுத்து விசாரியுங்கள். உதாரணமாக, ஊருணிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் அடைத்துக் கிடக்கிறது. முதல் கேள்வி: யார் பொறுப்பு? செட்டிநாட்டில் தண்ணீர் கிடக்கிற இடம் எல்லாம் ஒரே துறைக்குச் சேர்ந்தது அல்ல. குடிநீர் ஊருணி ஊராட்சியின் பராமரிப்பு. பாசனக் கண்மாய் என்றால் 100 ஏக்கருக்கு மேல் பாயும் பெரிய கண்மாய் நீர்வளத் துறைக்கும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கும் பொறுப்பு. கோயில் தெப்பக்குளம் அந்தக் கோயில் நிர்வாகத்துக்கு. இதைத் தெரிந்துகொள்ள வி.ஏ.ஓ. அலுவலகத்தில் 'அ' பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. சர்வே எண்ணைச் சொன்னால், அந்த இடம் யார் பெயரில், என்ன வகையில் பதிவாகியிருக்கிறது என்று தெரியும்.

பிறகு மனு எழுதுங்கள். நீட்டி முழக்க வேண்டாம். இந்த அளவு போதும்:

"பெறுநர்: ஊராட்சி மன்றத் தலைவர் அவர்கள். பொருள்: ஊருணி வரத்துக்காலைத் தூர்வாருதல் தொடர்பாக. ஐயா / அம்மா, வணக்கம். எங்கள் ஊர் (பெயர்) ஊருணிக்கு (சர்வே எண்) மழைநீர் வரும் கால்வாய், பள்ளிக்கூடத்துப் பின்புறம் ஏறக்குறைய 50 மீட்டர் தூரத்துக்கு மண்ணும் குப்பையும் மூடிக் கிடக்கிறது. கடந்த மழையில் தண்ணீர் ஊருணிக்கு வராமல் தெருவில் தேங்கியது. கால்வாயைத் தூர்வார இன்றைய கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றும்படி கேட்டுக்கொள்கிறோம்."

கீழே பெரியவர்கள் கையெழுத்து, தேதி. எந்த இடம், எவ்வளவு தூரம், என்ன வேண்டும். மூன்றும் இருந்தால்தான் மனு. "ஆவன செய்யுமாறு" என்று மட்டும் முடிந்தால், எதைச் செய்வது என்று யாருக்கும் தெரியாது. நகல் ஒன்று எடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அதில் கையெழுத்து வாங்குங்கள்.

கூட்டத்தில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். எத்தனை பேர் வந்தார்கள்? மக்கள்தொகை 501 முதல் 3000 வரை உள்ள ஊராட்சியில் 100 பேர், 3001 முதல் 10,000 வரை என்றால் 200 பேர் இருந்தால்தான் சபை செல்லும். வரவு செலவுக் கணக்கு வாசித்தார்களா? தீர்மானத்தைப் பதிவேட்டில் அங்கேயே எழுதினார்களா, வெறும் தாளில் கையெழுத்து வாங்கினார்களா? பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை கிடையாது. அங்கே வார்டு அளவில் பகுதி சபை நடக்கும். கவுன்சிலரிடம் தேதி கேளுங்கள்.

படி 8: வகுப்பில் ஒரு தேர்தல்

வகுப்புத் தலைவரை ஆசிரியர் நியமிப்பதற்குப் பதிலாக ரகசிய வாக்கெடுப்பு நடத்தச் சொல்லுங்கள். ஒருவர் தேர்தல் அதிகாரி, அவர் போட்டியிடக் கூடாது. வாக்காளர் பட்டியல், வேட்புமனு, பரிசீலனை, வாபஸ், பிரசாரம், வாக்குப்பதிவு, எண்ணிக்கை என்று முறையாகப் போங்கள். நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களை இந்தியத் தேர்தல் ஆணையமும், உள்ளாட்சித் தேர்தலை மாநிலத் தேர்தல் ஆணையமும் நடத்துகின்றன. கிராமத்தில் உள்ளாட்சித் தேர்தலில் ஒருவர் நான்கு ஓட்டுப் போடுவார்: வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றிய வார்டு, மாவட்ட வார்டு. 2019 தேர்தலில் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள் என்று வாக்குச்சீட்டு நிறம் பிரித்திருந்தார்கள். அந்தத் தேர்தலே, முந்தின நிர்வாகத்தின் பதவிக்காலம் 2016-ல் முடிந்து மூன்று ஆண்டுக்குப் பிறகுதான் நடந்தது. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்று அரசமைப்பு சொல்கிறது. எழுத்துக்கும் நடப்புக்கும் இடையில் உள்ள இந்த இடைவெளியைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலை முறையை எல்லோரும் பெருமையாக எழுதுவீர்கள். எழுதுங்கள். பராந்தகச் சோழன் காலத்தில், 921 வாக்கில், முன்பு வாரியத்தில் (ஊர் நிர்வாகக் குழுவில்) இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது என்று கல்லில் வெட்டியது பெரிய காரியம். ஆனால் வரி கட்டும் நிலமும் சொந்த மனையும் வேத அறிவும் உள்ள, 35 முதல் 70 வயது வரையான ஆண்களின் பெயர் மட்டுமே அந்தக் குடத்துக்குள் போனது என்பதையும் அடுத்த வரியில் எழுதுங்கள். முழு மதிப்பெண் தரத் தகுந்த விடை அதுதான்.

படி 9: தகவல் கேட்டுப் பாருங்கள்

கிராம சபை தீர்மானம் போட்டும் கால்வாய் அப்படியே கிடந்தால், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எல்லாக் குடிமக்களுக்கும் இந்த உரிமை உண்டு என்றுதான் சட்டம் சொல்கிறது, வயது எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் பெரியவர் ஒருவரைச் சேர்த்துக்கொள்வது நல்லது. பொதுத் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். ஏன் செய்யவில்லை என்று கேட்காதீர்கள். அந்தத் தீர்மானத்தின் நகல், அதன்மேல் எடுத்த நடவடிக்கையின் ஆவண நகல், ஒதுக்கிய தொகை என்று ஆவணமாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள், அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அதற்கும் சரியான பதில் இல்லையென்றால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. அனுப்பிய ஒவ்வொரு கடிதத்தின் நகலையும், தபால் ரசீதையும் நோட்டில் தேதி வாரியாக ஒட்டி வையுங்கள். மேல்முறையீட்டில் முதலில் கேட்பது அந்த ரசீதைத்தான்.